கட்டையில் செதுக்கிய ரோமப் பெண்கள்: பழைய அச்சு நூல்களின் படங்களைப் பார்க்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

1470களில் ஐரோப்பாவில் அச்சான நூல்களைப் பார்க்க இன்று கப்பல் ஏற வேண்டியதில்லை. பெரிய நூலகங்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. பணம் கட்ட வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் முதல்முறை திறப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். கனமான கோடுகள், நீண்ட அங்கி அணிந்து தலையை மூடிய பெண்கள், படிக்க முடியாத கறுத்த எழுத்துகள். லுக்ரீஷியா யார், குளோலியா யார், டைடோ யார் என்று எதுவும் புரியாமல் நாலைந்து பக்கம் தள்ளிவிட்டு மூடிவிடுவார்கள். அப்படி மூடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லத்தீன் தெரிய வேண்டாம், ஓவியக் கல்வி வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.

கூடவே ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் எத்தனையோ கட்டங்கள் இருக்க, படம் போட்டவர் ஏன் இந்தக் கட்டத்தை எடுத்தார்? ஒரு பெண்ணின் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நிமிடத்தைப் பொறுக்கிக் கட்டையில் செதுக்கும்போது, அவள் யாராக நினைவில் நிற்பாள் என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்குத்தான் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் கதை, அப்புறம் படம்

படத்தைப் பார்த்துக் கதையை ஊகிக்க முயலாதீர்கள். கதையைப் படித்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள். ரோமப் பழங்கதைகளுக்குப் பெரிய ஊற்று, பண்டைய ரோம எழுத்தாளர் லிவி எழுதிய ரோம வரலாறு. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. முழுவதையும் படிக்கத் தேவையில்லை. முதல் மூன்று பகுதிகளில் சில அத்தியாயங்கள் போதும்.

முதல் பகுதியில் 9 முதல் 13 வரை சபீனியப் பெண்களின் கதையும், கோட்டையைக் காட்டிக்கொடுத்த டார்பெயாவின் கதையும் வருகின்றன. 46 முதல் 48 வரை, தகப்பனின் பிணத்தின் மேல் வண்டியை ஓட்டச் செய்த துல்லியா. 57 முதல் 60 வரை லுக்ரீஷியா. இரண்டாம் பகுதியில் 13ஆம் அத்தியாயம் குளோலியாவுக்கு, 40ஆம் அத்தியாயம் ரோமைத் தாக்க வந்த கொரியோலேனஸின் தாய் வெட்டூரியாவுக்கு. மூன்றாம் பகுதியில் 44ஆம் அத்தியாயம் தொடங்கி வெர்ஜீனியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் இவ்வளவையும் முடித்துவிடலாம்.

படிக்கும்போதே ஒரு தாளில் ஒவ்வொருத்திக்கும் நேராக அவள் கையில் இருப்பது என்ன, அவளைச் சுற்றி யார் இருக்கிறார்கள், எந்த இடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடையாளம் காண இதுதான் பின்னால் கைகொடுக்கும். முகத்தை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காலத்து மரச்செதுக்குகளில், அதாவது மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்களில், முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தேடுபொறியில் லுக்ரீஷியா என்று போட்டால் ஆயிரக்கணக்கில் படங்கள் கொட்டும். அதில் பெரும்பாலானவை பிற்கால எண்ணெய் ஓவியங்கள். அந்த வழியில் போனால் வழி தப்பிவிடும். ஒரே ஒரு நூலை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவதுதான் நல்ல தொடக்கம்.

என் தேர்வு, இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ லத்தீனில் எழுதிய புகழ்பெற்ற பெண்களின் வரலாறு. 1361 வாக்கில் எழுதத் தொடங்கி, 1375இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். ஏவாளில் தொடங்கி மொத்தம் 106 வாழ்க்கைகள். இந்த நூல் முதன்முதலாக அச்சேறியது 1473இல், தெற்கு ஜெர்மனியின் உல்ம் நகரில். அச்சிட்டவர் யோஹான் சைனர். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் அவரே வெளியிட்டார். மொழிபெயர்த்தவர் ஹைன்ரிஷ் ஸ்டைன்ஹோவெல், அதே ஊரின் நகர மருத்துவர். ஸ்காட்லாந்து அரசரின் மகளும் ஆஸ்திரியக் கோமகனின் மனைவியுமான எலினோருக்கு அதைக் காணிக்கையாக்கினார். இரண்டு பதிப்புகளிலும் சுமார் 80 மரச்செதுக்குப் படங்கள்.

இந்த நூலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படம் போட்ட அச்சு நூல் என்பதே அப்போது பிறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. பாம்பெர்க்கில் ஆல்பிரெக்ட் ஃபிஸ்டர் 1461இல் படங்களோடு ஒரு நீதிக்கதை நூலை அச்சிட்டிருந்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து உல்மில் ஒரு நூல் முழுக்கப் பெண்களின் கதைகள், பெரும்பாலானவை படத்தோடு வந்தன. செதுக்கியவருடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கை தேர்ந்த கை. குறைந்த கோடுகளில் ஓர் அறையையும் நான்கு மனிதர்களையும் அவர்களுக்குள் நடப்பதையும் காட்டிவிடுகிறார். பல படங்களில் ஆட்களின் பெயர்களும் பக்கத்திலேயே இருப்பது புதியவர்களுக்குப் பெரிய உதவி.

எங்கே பார்ப்பது

மியூனிக்கில் இருக்கும் பவேரிய அரசு நூலகத்தின் மின்தொகுப்பில் தொடங்குங்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் ரோசன்வால்ட் தொகுப்பையும் பாருங்கள். எந்த நூல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, 15ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களுக்கென்றே இரண்டு பெரிய அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்றை பிரிட்டிஷ் நூலகம் உருவாக்கியது, மற்றொன்று பெர்லின் அரசு நூலகத்தில் நடக்கிறது. ஒரு பதிப்பின் பதிவைத் திறந்தால் உலகத்தில் எந்தெந்த நூலகங்களில் பிரதிகள் உள்ளன என்ற பட்டியல் வரும். பல பதிவுகளில் மின்பிரதிக்கு நேரடி இணைப்பும் இருக்கும்.

தேடும்போது பெயர்களை ரோமன் எழுத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட விதமாகப் போட்டுப் பாருங்கள். குளோலியா சில இடங்களில் கிளேலியாவாக இருப்பாள். போர்ஷியா போர்கியாவாக இருப்பாள். யு, வி இரண்டுக்கும் பழைய அச்சில் வேறுபாடு பார்க்க மாட்டார்கள். அதனால் வெட்டூரியாவின் முதலெழுத்தே மாறிக் கிடக்கலாம். படங்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் ஐகான்கிளாஸ் என்ற குறியீட்டு முறையும் உண்டு. ஹாலந்தின் லைடனில் ஹென்றி வான் டி வால் உருவாக்கியது. அதில் 98சி என்ற பிரிவு முழுக்கப் பண்டைய வரலாற்றுப் பெண்களுக்கானது. அதை அடுத்துப் பெயரைச் சேர்த்தால் அவளுடைய படங்கள் மட்டும் வரும். இந்த ஒரு குறியீட்டைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை மிச்சம்.

இன்னொன்று. அந்தக் கால நூல்கள் பலவற்றில் முகப்புப் பக்கம் கிடையாது. யார், எங்கே, எப்போது அச்சிட்டார் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும், சில நூல்களில் அதுவும் இருக்காது. எனவே நூலைத் திறந்ததும் கடைசிக்குப் போய்ப் பாருங்கள்.

லுக்ரீஷியாவின் படத்தைப் படிப்பது

இனி படத்துக்கு வருவோம். ரோம மன்னன் மகன் செக்ஸ்டஸ் டார்க்வினியஸ், தன் உறவினனும் லுக்ரீஷியாவின் கணவனுமான கொலாட்டினஸின் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறான். இரவில் வாளோடு லுக்ரீஷியாவின் அறைக்குள் நுழைகிறான். இணங்காவிட்டால் கொன்றுவிட்டு, பக்கத்தில் ஓர் அடிமையின் பிணத்தைப் போட்டு, இருவரையும் கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொல்வேன் என்று மிரட்டிப் பலாத்காரம் செய்கிறான். விடிந்ததும் அவள் தந்தைக்கும் கணவனுக்கும் ஆள் அனுப்புகிறாள். ஆளுக்கு ஒரு நம்பகமான நண்பனோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறாள். அவர்களிடம் நடந்ததைச் சொல்கிறாள். குற்றவாளியைத் தண்டிப்பதாகக் கையடித்துச் சத்தியம் வாங்குகிறாள். அதன் பிறகுதான் ஆடைக்குள் மறைத்திருந்த கத்தியால் குத்திக்கொள்கிறாள். கணவனோடு வந்த நண்பன் புரூட்டஸ் அந்தக் கத்தியை உருவி எடுத்துச் சபதம் செய்கிறான். மன்னராட்சி கவிழ்கிறது. மரபுக் கணக்கில் கி.மு. 509.

இதில் படமாக்கக் கூடிய கட்டங்கள் குறைந்தது ஐந்து. இதற்கெல்லாம் முன்னால் பணிப்பெண்களோடு இரவில் கம்பளி நூற்றபடி அவள் உட்கார்ந்திருப்பது, படுக்கையறை, ஆண்கள் சூழ நின்று சத்தியம் வாங்குவது, குத்திக்கொள்வது, புரூட்டஸ் கத்தியைத் தூக்கிப் பிடிப்பது. நீங்கள் பார்க்கும் படத்தில் எது இருக்கிறது?

முதலில் கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிலும் வாளேந்திய ஆணும் இருந்தால் அது இரவுக் காட்சி. அவளைச் சுற்றி ஆடை உடுத்திய ஆண்கள் நின்றால் அது மறுநாள். இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருந்தால் திகைக்க வேண்டாம். ஒரே ஆளை ஒரே படத்தில் இரண்டு முறை காட்டி, கதையின் இரு கட்டங்களைச் சேர்த்துச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். ஆடையும் தலைத்துணியும் ஒன்றாக இருந்தால் அவர்கள் இருவரும் ஒருத்தியே. ஒரு சுவரோ தூணோ கதவோ நடுவில் நின்று காலத்தைப் பிரிக்கும்.

அப்புறம் ஆயுதத்தைப் பாருங்கள். லிவி சொல்வது ஆடைக்குள் மறைக்கக் கூடிய கத்தி. படங்களில் அடிக்கடி நீளமான வாளாகிவிடும். கத்தி என்றால் அவள் முன்கூட்டியே முடிவெடுத்துத் தயாராக வந்திருக்கிறாள். பெரிய வாள் என்றால் அது தூரத்திலிருந்தும் தெரியும் சின்னமாக மாறிவிட்டது. கூட இருக்கும் ஆண்களை எண்ணுங்கள். நான்கு பேர் என்றால் செதுக்கியவரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரோ கதையை ஒழுங்காகப் படித்திருக்கிறார். தந்தை, கணவன், இரு நண்பர்கள்.

இந்த ஆண்கள் முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1510களின் தொடக்கத்தில் மார்க்கான்டோனியோ ராய்மொண்டி ரஃபேலின் வரைபடத்தைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கிய லுக்ரீஷியா தன்னந்தனியாக நிற்கிறாள். கைகளை விரித்து, குத்துவாளை ஓங்கியபடி. பக்கத்தில் இழிவோடு வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று கிரேக்க எழுத்து. அது புத்தகப் படம் அல்ல, தனியாக விற்ற அச்சுப் படம். வரைநேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாட்சிகள் காணாமல் போய்விட்டார்கள். சத்தியம் காணாமல் போய்விட்டது. சபை கூட்டி, வழக்கைச் சொல்லி, தண்டனையைக் கேட்டு வாங்கிய பெண், அழகான உடலும் கத்தியுமாகச் சுருங்கிவிட்டாள். அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பரவியது இந்தத் தனி உருவம்தான். அதற்கு முந்தைய புத்தக மரச்செதுக்குகளை நான் விரும்பிப் பார்ப்பதற்குப் பெரிய காரணம், அவற்றில் அவள் பேசுவதைக் கேட்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இலகுவான காட்சிகள் அல்ல இவை. வன்முறையை வன்முறையாகவே பாருங்கள். பழைய படம் என்பதற்காக அதை வெறும் அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குதிரையா, நீச்சலா?

படம் எந்த நூலைப் பின்பற்றியது என்று கண்டுபிடிக்கப் பழக வேண்டுமானால் குளோலியாவைவிட நல்ல பாடம் கிடையாது. ரோமை முற்றுகையிட்ட எட்ருஸ்கிய மன்னன் போர்சென்னாவிடம் பிணைக்கைதிகளாக அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி. மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு தைபர் ஆற்றைக் கடந்து தப்பிவிடுகிறாள். லிவியின் கதையில் அவர்கள் அம்பும் ஈட்டியும் பாய்ந்து வர நீந்தித் தப்புகிறார்கள். அவளுக்கு ரோமில் வைத்த சிலை மட்டும் குதிரைமேல் இருப்பதாக லிவி சொல்கிறார். ரோம எழுத்தாளர் வலேரியஸ் மேக்சிமஸின் கதைத் தொகுப்பில் அவளே குதிரையேறி ஆற்றைக் கடக்கிறாள். பொக்காச்சியோவும் குதிரை வழியைத்தான் எடுத்தார். அதற்குமுன் குதிரையே ஏறியிராத பெண், கரையில் மேய்ந்துகொண்டிருந்த குதிரையில் ஏறி, மற்றவர்களையும் அக்கரை சேர்த்தாள் என்கிறார்.

ஆகவே படத்தில் குதிரை தண்ணீரில் இருந்தால் பொக்காச்சியோ அல்லது வலேரியஸ் வழி. பெண்கள் நீந்தினால் லிவி வழி. லிவிக்கும் பழைய படப் பதிப்புகள் உண்டு. 1493இல் வெனிஸில் லூக்கன்டோனியோ ஜுன்டாவுக்காக அச்சான இத்தாலியப் பதிப்பில் சின்னச் சின்னப் படங்கள் நிறைய. 1505இல் மைன்ஸ் நகரில் யோஹான் ஷோஃபர் அச்சிட்ட ஜெர்மன் பதிப்பும் படங்களோடு வந்தது. இவற்றையும் உல்ம் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக் குளோலியாவைத் தேடுங்கள். அவளுக்குப் பின்னால் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். தனி வீராங்கனையாகக் காட்டியிருக்கிறார்களா, ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு போகும் தலைவியாகவா என்பது அதில் தெரியும்.

வாளேந்திய பெண் எல்லாம் லுக்ரீஷியா அல்ல

குத்திக்கொள்ளும் பெண் இந்த நூல்களில் அடிக்கடி வருவாள். சுற்றுப்புறத்தைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பக்கத்தில் ஓர் ஆண் இறந்து கிடந்து, நீரூற்றும் மரமும் இருந்தால் அவள் திஸ்பி. பாபிலோன் கதை, ரோமக் கதை அல்ல. கீழே விறகும் நெருப்பும் இருந்தால் கார்தேஜ் அரசி டைடோ. கையில் பாம்பு என்றால் கிளியோபாட்ரா. தகப்பனே மகளைக் குத்தினால் வெர்ஜீனியா. கசாப்புக் கடையிலிருந்து பிடுங்கிய கத்தி என்கிறார் லிவி. அப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி அவளை அடைய, அடிமை என்று தன் ஆள் ஒருவனை வைத்துப் பொய் வழக்குப் போட்டான். நீதிபதியும் அவனே. அதனால் படத்தில் நீதி ஆசனத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பதைத் தேடுங்கள்.

வாய்க்கு அருகில் கனன்ற கரி வைத்திருந்தால் போர்ஷியா, புரூட்டஸின் மனைவி. இவன் லுக்ரீஷியா கதையில் வருபவன் அல்ல, வெகு பிற்காலத்து வேறொரு புரூட்டஸ். இவள் கதையில் இன்னொரு கட்டமும் உண்டு. கணவன் சீசரைக் கொல்லத் திட்டமிடுவது தெரிந்து, நகம் வெட்டும் சாக்கில் சவரக் கத்தியால் தன்னையே வெட்டிக்கொண்டு, என்னால் வலி தாங்க முடியும், என்னிடம் ரகசியம் சொல்லலாம் என்று காட்டியவள். கத்தியா, கரியா? ஒன்றில் அவள் கூட்டாளி, மற்றொன்றில் கணவனுக்குப் பின் உயிர் வாழாத மனைவி.

கப்பலை இடுப்புக் கச்சையால் இழுப்பவள் கிளாடியா குவிண்டா. கி.மு. 204இல் தாய்த் தெய்வத்தின் கல்லைக் கொண்டுவந்த கப்பல் தைபரில் தரைதட்டி நின்றபோது, தன்மேல் விழுந்த பழியைத் துடைக்க அவள் செய்தது. சல்லடையில் தண்ணீர் ஏந்தினால் அவள் துக்கியா, வெஸ்டா தெய்வத்தின் கோயிலில் பணிசெய்த கன்னி. இருவரையும் அடிக்கடி மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

ஒரே பிளாக், பல பெயர்கள்

மரச்செதுக்கின் வேலை இப்படி. பலகைமேல் படம் வரைவார் ஒருவர். கோடுகளை மேடாக விட்டு மீதியைச் செதுக்கி எடுப்பார் வேறொருவர். அந்தக் கட்டையை எழுத்துகளோடு சேர்த்து முடுக்கி, மை தடவி, ஒரே அழுத்தில் அச்சடிப்பார்கள். பழைய தமிழ் அச்சகங்களில் பிளாக் என்று சொன்னதன் மூதாதை இதுதான். கட்டை செய்யப் பணமும் நாளும் பிடிக்கும். ஆகவே ஒரு தடவை செய்ததை முடிந்தவரை திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள்.

1493இல் நியூரம்பெர்கில் ஆன்டன் கோபெர்கர் அச்சிட்ட, ஷேடல் என்பவர் எழுதிய உலக வரலாற்றில் 1809 படங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருந்த கட்டைகள் 645 மட்டுமே. ஒரே நகரக் காட்சி பல ஊர்களுக்கு, ஒரே முகம் பல மன்னர்களுக்கு. பெண்களுக்கும் இதே கதிதான். பெர்கமோவைச் சேர்ந்த துறவி ஃபொரெஸ்டி எழுதிய புகழ்பெற்ற பெண்கள் நூல் 1497இல் ஃபெராராவில் அச்சானது. ஹங்கேரி அரசி பியாட்ரிஸுக்குக் காணிக்கை. அழகான நூல். ஆனால் அதில் ஒரே உருவம் வேறு வேறு பெயர்களுக்குக் கீழே தலைகாட்டிக்கொண்டே இருக்கும். கடைசிப் பகுதியில் வரும் சமகாலப் பெண்கள் சிலருடைய படங்கள் மட்டும் உயிருள்ள முகங்களைப் பார்த்து வரைந்தவைபோல இருக்கின்றன.

எனவே இங்கே அகழ்ந்து பொருள் தேடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நூல் முழுவதையும் சின்னப் படங்களாகத் திரையில் வரிசைப்படுத்தி, அதே உருவம் வேறெங்காவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த முகபாவத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இல்லை. வராவிட்டால், அந்தப் பெண்ணுக்கென்றே ஒரு கட்டை செதுக்கச் செலவழித்திருக்கலாம். அப்படிச் செலவழித்த இடம் எது என்று பார்ப்பதே ஒரு தகவல்.

இதிலேயே இன்னொரு கண்ணி. லண்டனில் எட்டாம் ஹென்றியின் அரசு அச்சகராக இருந்த தாமஸ் பெர்தெலெட்டின் கடைச் சின்னமே லுக்ரீஷியாதான். சட்டப் புத்தகங்கள் அச்சிட்டவர். அவருடைய முத்திரைப் படத்திலும் அவள் கத்தியோடு நிற்பாள். அதைப் பார்த்து உள்ளே அவள் கதை இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. படம் கதையோடு சேர்ந்ததா, அச்சகரின் முத்திரையா, பக்கத்தைச் சுற்றிய அலங்காரமா என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

இடது வலமாவது

உல்ம் படங்கள் நன்றாக ஓடின. மற்ற ஊர் அச்சகர்கள் சும்மா இருப்பார்களா? 1479இல் ஆக்ஸ்பர்கில் ஆன்டன் சோர்க், 1487இல் லூவெய்னில் ஏகிடியஸ் வான் டெர் ஹெயர்ஸ்ட்ராட்டன், 1494இல் சரகோசாவில் பாவுல் ஹூருஸ் என்று அடுத்தடுத்து அதே நூலை அந்தப் படங்களைத் தழுவி வெளியிட்டார்கள்.

அச்சான படத்தை அப்படியே புதுப் பலகையில் வரைந்து செதுக்கினால், அச்சடிக்கும்போது இடதும் வலமும் மாறிவிடும். அதனால் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஆயுதம் எந்தக் கையில் என்று பாருங்கள். ஒன்றில் வலக்கையிலும் மற்றொன்றில் இடக்கையிலும் இருந்தால், இடக்கைப் படம் பெரும்பாலும் நகல். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கெட்டிக்கார நகல்காரர் திருப்பி வரைந்துவிடுவார். கோடுகளையும் பாருங்கள். நகலெடுக்கும்போது நுணுக்கங்கள் கரையும். ஜன்னல் கம்பிகள் குறையும், துணி மடிப்புகள் விறைக்கும், பின்னாலிருந்த ஒரு ஆள் காணாமல் போவார். யார் காணாமல் போகிறார் என்பதில்தான் நம் கேள்வி இருக்கிறது.

ஒரே கட்டையைப் பல ஆண்டு அச்சடித்தால் ஓரக் கோடு உடையும், பூச்சி அரித்த ஓட்டை வெள்ளைப் புள்ளியாக விழும். புள்ளிகள் கூடியிருக்கும் பிரதி பின்னால் அச்சானது.

வண்ணத்தை நம்ப வேண்டாம். அச்சில் வந்தது கறுப்புக் கோடு மட்டுமே. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பின்னால் கையால் பூசியவை, சில சமயம் வாங்கியவர் ஏற்பாட்டில். ஒரு பிரதியில் சிவப்பு அங்கி அணிந்த லுக்ரீஷியா வேறொரு பிரதியில் நிறமே இல்லாமல் இருப்பாள். சிவப்பு இரத்தத்தைக் குறிக்கிறது என்று எழுதுவதற்கு முன் இரண்டாவது பிரதியைத் திறந்துவிடுங்கள்.

உடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரும் ரோம உடையில் இருக்க மாட்டார்கள். கூம்பு முனைச் செருப்பு, இறுக்கிப் பிடித்த காலுறை, செங்குத்தான கூரை வைத்த ஜெர்மன் வீடுகள். அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்து வாசகியின் ஊரிலேயே கதை நடக்கிறது, அவள் உடுத்தும் உடையையே லுக்ரீஷியாவும் உடுத்தியிருக்கிறாள்.

படத்துக்குப் பக்கத்து எழுத்து

படத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். எந்தப் பக்கத்தில், எந்த வரிகளுக்கு மேலே நிற்கிறது என்று பாருங்கள். லத்தீன் தெரியாவிட்டால் பொக்காச்சியோவின் லத்தீனும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் பதிப்பு கிடைக்கிறது.

டைடோவை எடுத்துக்கொள்வோம். ரோமக் கவி வெர்ஜிலின் காவியத்தில் அவள் டிராய் வீரன் ஈனியஸைக் காதலித்து, அவன் விட்டுப்போனதும் உயிரை விடுகிறாள். பொக்காச்சியோவின் நூலில் ஈனியஸுக்கு அங்கே வேலையே இல்லை. இறந்த கணவனுக்கு உண்மையாக இருக்க, பக்கத்து நாட்டு மன்னனை மணக்க மறுத்துச் சிதையில் குத்திக்கொள்கிறாள். கத்தி ஒன்று, சிதை ஒன்று, காரணம் மட்டும் நேர்மாறு. படத்தில் கடலும் புறப்படும் கப்பல்களும் இருந்தால் அது வெர்ஜிலின் டைடோ. 1502இல் ஸ்ட்ராஸ்பர்கில் கிரூனிங்கர் அச்சிட்டு, செபாஸ்டியன் பிரான்ட் பதிப்பித்த வெர்ஜிலைத் திறந்தால் அவளைக் காணலாம். இருநூறுக்கு மேற்பட்ட பெரிய படங்கள், ஆட்களின் பெயர்களோடு. படிக்காதவரும் இந்தப் படங்களைக் கொண்டு கதையைப் பின்தொடரலாம் என்று பிரான்ட் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அதே காவியத்தில் வரும் போர்வீராங்கனை கமில்லாவையும் அங்கே தேடிப் பாருங்கள்.

லுக்ரீஷியாவைப் பற்றியும் எழுத்தில் ஒரே குரல் இல்லை. பொக்காச்சியோ அவளைக் கொண்டாடுகிறார். அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பே புனித அகஸ்டின் கேட்டுவிட்டார்: அவள் தவறியவள் என்றால் ஏன் புகழ்கிறீர்கள், தவறாதவள் என்றால் ஏன் கொல்லப்பட்டாள்? பாதிக்கப்பட்டவள் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவர் வாதத்தின் ஒரு பக்கம். அதற்காக அவளுடைய நோக்கத்தையே சந்தேகிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த விவாதம் தெரிந்த வாசகர்கள் கைக்குத்தான் அந்தப் படங்கள் போய்ச் சேர்ந்தன.

வெட்டூரியாவின் அத்தியாயம் இன்னும் விசித்திரம். ரோமைத் தாக்க வந்த சொந்த மகனை, மருமகளோடும் பேரப் பிள்ளைகளோடும் பாசறைக்கே போய்த் தடுத்தவள். நன்றிக்கடனாகப் பெண்களுக்கு வழிவிட்டு நிற்பது, பொன் அணியும் உரிமை போன்ற மரியாதைகளைச் செனட் கொடுத்தது என்று சொல்லிவிட்டு, அதனால்தான் இன்று நகைச் செலவு பெருகிவிட்டது என்று பொக்காச்சியோ நெடுநேரம் புலம்புகிறார். படத்தில் அந்தப் புலம்பலைக் காட்ட வழியே இல்லை. அங்கே தாயும் மகனும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். எழுத்து தடுமாறும் இடத்தில் படம் அவளுக்கு நியாயம் செய்துவிடுகிறது.

சபீனியப் பெண்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ரோமர்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் கட்டம் ஒன்று. தலைவிரி கோலமாக இரு படைகளுக்கு நடுவே புகுந்து, தகப்பன்மாரையும் கணவன்மாரையும் நிறுத்திய கட்டம் இன்னொன்று. உங்கள் நூல் எதைப் படமாக்கியிருக்கிறது?

குறிப்பு எடுப்பது

ஒவ்வொரு படத்துக்கும் நூல், ஊர், அச்சகர், ஆண்டு, அந்தப் பிரதிக்கு நூலகம் கொடுத்த அடையாள எண்ணான அழைப்பெண், தாள் எண் ஆகியவற்றை உடனே எழுதிவிடுங்கள். பழைய நூல்களில் பக்கத்தை அல்ல, தாளைத்தான் எண்ணுவார்கள். ஆகவே தாளின் முன்பக்கமா பின்பக்கமா என்பதும் வேண்டும். அதன் கீழே மூன்று வரி: என்ன தெரிகிறது, கதையின் எந்தக் கட்டம், எந்தக் கட்டம் விடுபட்டது. மூன்றாவது வரியை எழுதாமல் விடாதீர்கள்.

படத்தைப் பகிர விரும்பினால் நூலகத்தின் விதியைப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டுப் படத்துக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் அதைப் படமெடுத்த நூலகம் சில நிபந்தனைகள் வைத்திருக்கலாம். சில நூலகங்கள் எதற்கும் பயன்படுத்தலாம் என்கின்றன, சில வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்கச் சொல்கின்றன. நூலகத்தின் பெயரையும் அழைப்பெண்ணையும் படத்தின் கீழே போட்டுவிட்டால், பார்ப்பவர் முழு நூலுக்கும் போய்ச் சேர முடியும்.

முதல் பயிற்சிக்கு லுக்ரீஷியாவை எடுக்காதீர்கள். ஹோர்டென்சியாவை எடுங்கள். கி.மு. 42இல் மூன்று ஆட்சியாளர்கள் 1400 செல்வப் பெண்கள்மேல் வரி போட்டபோது, வாதாட எந்த ஆணும் முன்வராததால் தானே மன்றத்துக்குப் போய்ப் பேசி, வரிகட்ட வேண்டிய பெண்களின் எண்ணிக்கையை 400ஆகக் குறைக்க வைத்தவள். பழங்கதைக் காலத்துக்குப் பின் வந்தவள்தான், ஆனாலும் பொக்காச்சியோவின் நூலில் அவளுக்கும் இடமுண்டு. இரத்தமும் கத்தியும் இல்லாத கதை. உல்ம் நூலில் அவளுடைய அத்தியாயத்தைத் திறந்து, மூன்று ஆண்கள் எங்கே இருக்கிறார்கள், அவள் கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பேச்சைப் படத்தில் காட்ட அந்தச் செதுக்குக்காரருக்குக் கையைத் தவிர வேறு வழி கிடையாது. அடுத்ததாகக் குளோலியா, பிறகு வெட்டூரியா. லுக்ரீஷியாவுக்கு நான்காவதாக வாருங்கள்.